ஸகீனா வீட்டு மண்சுவர்

பதுளையில் வீடு கட்டுகிறவர்களும் கடை திறக்கிறவர்களும் ஜுமானாவின் உள்ளலங்கார நிலையத்தைத் தேடி வருவார்கள். சோபா, திரைச்சீலை, விளக்கு எல்லாவற்றையும் ஜுமானாவே பார்த்துக்கொள்வாள். செடி என்று பேச்சு வந்துவிட்டால் மட்டும் பின்பக்கம் திரும்பி, "ஜெசீகா, கொஞ்சம் வாங்க" என்று கூப்பிடுவாள்.

"மூலைக்கு ஒரு தொட்டி வைக்கிறதுன்னா ஆரும் வைக்கலாம். இவங்க வச்சா செவரே ரெண்டடி தள்ளிப் போன மாதிரி இருக்கும்" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லுவாள்.

அது வியாபாரப் பேச்சு மட்டுமில்லை. பல் டாக்டர் ஒருவரின் காத்திருப்பு அறை ரயில் பெட்டி மாதிரி ஒடுங்கி நீண்டு கிடந்தது. வீங்கிய கன்னத்தோடு வந்தவர்கள் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் வலியை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெசீகா நடுவில் இடுப்பளவு மரப்பெட்டி ஒன்றைச் செய்யச் சொல்லி, அதில் பாம்புச்செடிகளை நெருக்கி நட்டாள். அதற்குப் பிறகு அங்கே வந்தவர்கள் இலைகளைப் பார்த்துக்கொண்டு அமைதியாக இருந்தார்கள். வெயில் அடிக்கும் ஜன்னலுக்கு எது, இருண்ட படிக்கட்டுக்கு எது, குளியலறை ஈரத்துக்கு எது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒரு வீட்டுக்குள் காலை வைத்ததும் வெளிச்சம் எங்கே விழுகிறது என்றுதான் முதலில் பார்ப்பாள்.

ஆனால் அவளும் அவள் அம்மா இருதயம்மாவும் குடியிருந்த வாடகை வீட்டுக்குள் ஒரு தொட்டிகூடக் கிடையாது. இருதயம்மா விடமாட்டாள். வேலை முடிந்து வந்தால் ஜெசீகா வாசல் குழாயில் கையையும் காலையும் கழுவி, நகத்துக்குள் இருக்கும் மண்ணைப் பழைய பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுத்தான் படியேற வேண்டும்.

"வெளிய எத்தன வேணும்னாலும் வையி. மண்ணு உள்ள வரக்கூடாது" என்பாள் இருதயம்மா. கோபமாகச் சொல்லமாட்டாள். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள் என்பதுபோலச் சொல்லுவாள்.

ஏன் என்று ஜெசீகா கேட்டதே இல்லை. அவர்கள் மீரியபெத்த தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் இருந்தவர்கள். மலை சரிந்த அன்று காலை ஜெசீகா பள்ளிக்கூடம் போய்விட்டாள். இருதயம்மா பெரட்டுக்குப் போய், மற்ற பெண்களோடு வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டு நின்றாள். அப்பா யாகோப்பு பெக்டரியில் இரவு வேலை முடித்துவிட்டு வந்து, இன்னும் பள்ளிக்கூடம் சேராத சின்னவன் றுஷாந்தனைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். மேலேயிருந்து பெரிய லொறி வருவதுபோல ஒரு சத்தம் கேட்டதாம். இருதயம்மா திரும்பிப் பார்த்தபோது லயம் இருந்த இடத்தில் சேறு ஓடிக்கொண்டிருந்தது. யாகோப்பைப் பிறகு எடுத்தார்கள். றுஷாந்தனை எடுக்கவே முடியவில்லை. ஆர்மிக்காரர்கள் தோண்டினார்கள், இயந்திரங்கள் தோண்டின, பிறகு மழை வந்தது, நிறுத்திவிட்டார்கள். எல்லோருக்குமாகச் சேர்த்து அந்த இடத்திலேயே பூசை வைத்தார்கள். இருதயம்மா பூசைக்கு வந்து நின்றாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போனதே இல்லை.

புதிதாகக் கட்டிக் கொடுத்த வீட்டில் சில வருடம் இருந்தார்கள். ஜெசீகா படித்து முடித்து, கொழும்பில் கொஞ்ச நாள் வேலை பழகி, பதுளையில் இந்த வேலை கிடைத்ததும் அம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். இவ்வளவு தொழில் இருக்க எதற்கு இந்தத் தொழிலைப் பிடித்தாய் என்று யாராவது கேட்டால், "பச்சைன்னா பிடிக்கும்" என்று சிரித்துவிடுவாள். உண்மையில் அவளுக்குப் பிடித்தது வேறொன்று. தொட்டியின் அடியில் ஓட்டை போட்டு, சல்லி பரப்பி, தேங்காய்த் தும்புத்தூளும் மண்ணும் கலந்து அளவாக நிரப்பிவிட்டால், அந்த மண் வைத்த இடத்தில் இருக்கும். ஊற்றிய தண்ணீரைக் குடித்துவிட்டு மீதியைக் கீழே விட்டுவிடும். அதைப் பார்க்கும்போது அவள் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று கொஞ்சம் அடங்கும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஒருமுறை, மண்ணே வேண்டாம் என்று, ஒரு கண்ணாடிப் போத்தலில் தண்ணீர் ஊற்றி மணி பிளாண்ட் கொடி ஒன்றைப் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். கொடி இலை விட்டது. தண்ணீருக்குள் வெள்ளை வேர்கள் இறங்கின. ஒருநாள் ஜெசீகா வேலை விட்டு வந்தபோது போத்தல் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது.

"வேரு கை மாதிரி தொழாவிக்கிட்டே இருக்குடி. என்னால பாக்க முடியல" என்றாள் இருதயம்மா.

அதோடு ஜெசீகா விட்டுவிட்டாள்.

ஹாலிஎலயில் ஹஸீப் வீட்டு வேலை வந்தது அதற்கு அடுத்த வருடம். ஹஸீப்புக்கு டவுனில் ஹார்ட்வெயார் கடை. மனைவி ஸகீனா, இரண்டு சின்னப் பெண் பிள்ளைகள். மலைச்சரிவை வெட்டித் தட்டாக்கி வீடு கட்டியிருந்தார்கள். வீட்டுக்குள்ளேயே ஒரு தோட்டம் வேண்டும் என்று ஸகீனா ஆசைப்பட்டாள். "இங்க வருஷத்துல பாதி மழையும் மிஸ்ட்டும்தான். புள்ளைகள வெளிய விட ஏலாது. உள்ளுக்கே கொஞ்சம் மரம் மட்டை இருந்தா அதுகளுக்கு வெளிய நிக்கிற மாதிரி இருக்கும்ல?" என்றாள்.

படம் வரைந்த கட்டடக் கலைஞர் அதற்கு ஒரு வழி செய்திருந்தார். ஹோலின் பின்பக்கத்தில் சுவர் வைக்காமல், வெட்டிய மலையையே சுவராக விட்டு, மேலே கண்ணாடிக் கூரை போட்டிருந்தார். ஹோலுக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. கதவைத் தள்ளினால் எதிரே ஆளுயரத்துக்கும் மேலே சிவப்பு மண், இடையிடையே பாறை. அதில் பன்னம் என்கிற பெரணிச்செடியும் பாசியும் பெகோனியாவும் பிடித்து வளர்ந்தால், காட்டுக்குள் ஹோலை வைத்ததுபோல இருக்கும்.

ஜெசீகா முதல் நாள் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு போய் நின்றாள். அளவு நாடாவை எடுத்தாள். மண் வாசனை மூடிய அறைக்குள் கனத்து நின்றது. நாடாவை மடக்கி வைத்துவிட்டு, "நானா, இது பாதுகாப்பா?" என்று ஹஸீப்பிடம் அண்ணன் முறையில் கேட்டாள்.

"இன்ஜினியர் பாத்துட்டுத்தான் விட்டவர், தங்கச்சி. பின்னால முழுக்கக் கல்லு. மேலுக்கு கொங்கிரீட் கட்டியிருக்கு" என்றார் ஹஸீப்.

அவள் மேலே ஏறிப் போய்ப் பார்த்தாள். கட்டு கட்டியிருந்தது, தண்ணீர் போகக் கானும் வெட்டியிருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. வேலையைத் தொடங்கினாள். அம்மாவிடம் மட்டும் அந்த வீட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இருதயம்மாவுக்கு பிரஷர். மாதத்துக்கு ஒருமுறை பதுளை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப் போக வேண்டும். அப்படி ஒருநாள் கிளினிக் முடிந்து வரும்போது ஸகீனா போன் பண்ணினாள். செடிகள் ஏற்றிய லொறி வந்து நிற்கிறதாம், எதை எங்கே இறக்குவது என்று தெரியவில்லையாம். ஜெசீகா த்ரீவீலரை ஹாலிஎலக்கு விடச் சொன்னாள். "அம்மா, நீ வண்டியிலயே இரு. நான் ஒரு நிமிஷத்துல வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. ஸகீனா ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். "என்ன தங்கச்சி, அம்மாவ வெளியில வச்சிட்டு வந்தீக்கீங்க?" என்று குடையை எடுத்துக்கொண்டு தானே போய், இருதயம்மாவின் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டி வந்துவிட்டாள். ஜெசீகா பின்வாசலில் லொறிக்காரரோடு பேசி முடித்துத் திரும்பியபோது, கண்ணாடிக் கதவு திறந்திருந்தது. அம்மா உள்ளே நின்றாள்.

மண்சுவருக்கு மிக அருகில் நின்றாள். செருப்பைக் கழற்றியிருந்தாள். ஜெசீகா "அம்மா" என்று கூப்பிட்டாள். காதில் விழவில்லை. இருதயம்மா வலது கையை எடுத்து மண்ணில் வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு விரல்களை மடக்கித் தோண்ட ஆரம்பித்தாள்.

முதலில் மெதுவாகத்தான். பிறகு மண்டியிட்டு, இரண்டு கையாலும். மண் அவள் சேலையிலும் காலிலும் கொட்டியது. சின்னக் கல் ஒன்று உருண்டு தரை ஓட்டில் விழுந்தது. மூச்சு இரைத்தது, ஆனால் அழவில்லை, சத்தம் போடவில்லை. தொலைந்த சாமானைத் தேடுகிற ஆளின் முகம். லொறிக்காரர் செடித் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

ஸகீனாதான் போனாள். தடுக்கவில்லை. பக்கத்தில் முழந்தாளிட்டு உட்கார்ந்து, "என்னம்மா தேடுறீங்க?" என்று கேட்டாள்.

"சின்னவன்" என்றாள் இருதயம்மா. "இன்னும் எடுக்கலீங்க."

ஸகீனா ஜெசீகாவைத் திரும்பிப் பார்த்தாள். இருதயம்மாவின் மணிக்கட்டைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். மற்றக் கை இன்னும் கொஞ்சம் தோண்டியது. கண்ணாடிக் கூரையில் மழை விழும் சத்தம் கேட்டது.

பிறகு இருதயம்மாவே நிறுத்தினாள். தோண்டிய குழியைப் பார்த்தாள். "ஐயோ, ஒங்க வீட்ட அசிங்கமாக்கிட்டேனே" என்று கொட்டிய மண்ணை அள்ளி அள்ளி மறுபடியும் குழிக்குள் வைத்து அமுக்கினாள். லொறிக்காரரின் தட்டிலிருந்த பன்னக் கன்று ஒன்றைக் கேட்டு வாங்கி, அந்த இடத்தில் நட்டாள். தேயிலை நாற்று நட்ட கை, சரியான ஆழத்தில் நட்டது. கைகழுவிவிட்டு ஸகீனா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தாள். புறப்படும்போது வாசலில் நின்று, "நான் இன்னொரு நாளைக்கு வரலாங்களா?" என்று கேட்டாள்.

"எப்ப வேணுமோ வாங்கம்மா. இது ஒங்கட வீடுதான்" என்றாள் ஸகீனா.

அன்றிலிருந்து இருதயம்மா வாரத்தில் இரண்டு மூன்று நாள் காலையில் பஸ் பிடித்து ஹாலிஎலக்குப் போக ஆரம்பித்தாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு போவாள், அவர்கள் வருவதற்குள் திரும்பிவிடுவாள். ஸகீனா அவளுக்கென்று ஒரு பிரம்பு நாற்காலியைக் கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம் போட்டு வைத்தாள். வாடிய இலையைக் கிள்ளுவாள், பாசியில் தண்ணீர் தெளிப்பாள், மீதி நேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் ஜெசீகா சொட்டுக் குழாயைச் சரிபார்க்கப் போனபோது அம்மா மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. "அக்கா இப்ப பெரிய வேலையில இருக்கா. நீ இருந்திருந்தா ஓ லெவல் பரீட்ச எடுத்திருப்ப." ஜெசீகா கதவருகிலேயே நின்றாள். உள்ளே போகாமல் திரும்பிவிட்டாள்.

அந்த மாதங்களில் இருதயம்மா ஒழுங்காகச் சாப்பிட்டாள். கிளினிக்கில் பிரஷர் குறைந்திருக்கிறது என்றார்கள். வெகு காலத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது தலையில் பூ வைத்தாள். சுவர் முழுக்கப் பச்சை பிடித்துவிட்டது. பன்னம் தோகை விரித்தது, பெகோனியா இளஞ்சிவப்பாகப் பூத்தது. ஜுமானா அதைப் படம் எடுத்து பேஸ்புக்கில் போட்டாள். பண்டாரவளையிலிருந்தும் எல்லயிலிருந்தும் இதேபோல வேண்டும் என்று ஆட்கள் கேட்டார்கள். தான் செய்தவற்றிலேயே நல்லது இதுதான் என்று ஜெசீகாவுக்கும் பட்டது. தம்பிக்கு இல்லாமல் போன கல்லறையை அம்மாவுக்கு, தெரியாமலே கட்டிக் கொடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்வாள்.

அந்த வருடக் கடைசியில் வந்த மழை பெரிதாக இருந்தது. ஒரு வாரம் வெயிலையே காணோம். ஹாலிஎல வீட்டில் செடிகள் அழுகிவிடக்கூடாது என்று சொட்டுக் குழாயை நிறுத்தப் போனாள் ஜெசீகா. இருதயம்மா அன்று முன்கூட்டியே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். குழாய் ஏற்கெனவே மூடியிருந்தது. ஆனாலும் சுவரின் அடியிலிருந்த கானில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஜெசீகா குனிந்து உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள். தேத்தண்ணி மாதிரிக் கலங்கலாக இருந்தது.

கண்ணாடிக் கதவை இழுத்தாள். பாதியில் சிக்கி நின்றது. கீழே பார்த்தால், சுவரை ஒட்டிய தரை ஓடுகள் இரண்டு மேலே எழும்பியிருந்தன.

அவள் குடைகூட எடுக்காமல் வீட்டைச் சுற்றி மேலே ஏறினாள். கொங்கிரீட் கட்டுக்கும் மேலே, தேயிலைச் செடிகளுக்கு நடுவில், புல்லை விலக்கிப் பார்த்தாள். தரை வெடித்திருந்தது. வெடிப்புக்குள் அவள் கை நுழைந்தது. அது இடமும் வலமுமாகச் செடிகளுக்குள் நீண்டு போயிற்று. புது வீடு கொடுத்த காலத்தில் அதிகாரிகள் வந்து படம் போட்டுக் காட்டியிருந்தார்கள்: தண்ணீர் கலங்கினால், கதவு சிக்கினால், நிலம் வெடித்தால் நிற்காதீர்கள். அன்று அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அதைக் கேட்டு அழுதார்கள்.

மழையில் நின்றபடி கீழே பார்த்தாள். கண்ணாடிக் கூரைக்கு அடியில் அம்மாவின் நரைத்த தலை தெரிந்தது. கொஞ்சமும் அசையாமல் இருந்தது.

சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆட்களை வெளியேற்றுவார்கள், பிறகு அந்தச் சுவரை மூடுவார்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகு அம்மாவுக்குக் கிடைத்த ஒரே இடம் அது. இன்ஜினியர் வந்து பார்க்கட்டும், இரண்டு நாள் போகட்டும், மழை விட்டாலும் விடும் என்று ஒரு எண்ணம் வந்தது. வந்த வேகத்திலேயே அதை உதறிவிட்டாள். சறுக்கிக்கொண்டு இறங்கி ஓடினாள்.

"அக்கா, நானாவ வரச் சொல்லுங்க. பிள்ளைகள ஸ்கூல்ல இருந்து இங்க கூட்டி வரவேணாம். இப்பவே எல்லாரும் வெளிய போகணும்" என்றாள் ஸகீனாவிடம்.

ஸகீனா உடனே அடுப்பை அணைத்தாள், அலுமாரியிலிருந்து ஒரு பையை எடுத்தாள், வெளியே வந்துவிட்டாள். ஹஸீப் தன் அண்ணன் வீட்டுக்குக் குடும்பத்தைக் கொண்டு போனார். இருதயம்மாவை நாற்காலியிலிருந்து எழுப்புவதுதான் பெரும்பாடாகிவிட்டது. ஜெசீகா அவளைத் தோளைப் பிடித்துத் தூக்கி, ஏறக்குறைய இழுத்துக்கொண்டு வந்து த்ரீவீலரில் ஏற்றினாள்.

வண்டி பதுளை ரோட்டில் திரும்பிய பிறகுதான் ஜெசீகா அம்மாவைச் சரியாகப் பார்த்தாள். அம்மாவின் சேலை நுனியில் கலங்கல் தண்ணீர் பட்டுக் காய்ந்த கறை இருந்தது. இன்றைய கறை இல்லை. பழைய கறை.

"அம்மா, தண்ணி கலங்கலா வந்தத நீ பாக்கலயா?"

இருதயம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தேன்."

"எப்பருந்து?"

"மழை புடிச்சதிலருந்து."

"ஏன்மா சொல்லல?"

"சொன்னா மூடிருவீங்க."

"அந்த வீட்டுல புள்ளைங்க இருக்கும்மா!"

"அதுக ஸ்கூலுக்குப் போன பொறகுதானே நான் வர்றேன்." இருதயம்மாவின் குரல் மிகவும் தணிந்திருந்தது. "நான் உக்காந்திருக்கும்போதே வந்துரும்னு நெனச்சேன்."

"மண்ணு ஒன்னயக் கேட்டுக்கிட்டா வரும்? ராத்திரி வந்திருந்தா? ஸகீனாக்கா குசினியில நிக்கிறாங்களே, அவங்க?"

வண்டிக்காரர் கண்ணாடியில் ஒருதரம் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். ஜெசீகா அம்மாவைப் பார்த்து இப்படிக் கத்தியதே இல்லை. இருதயம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கி ஒங்கப்பனும் உள்ள. சின்னவனும் உள்ள. என்னய மட்டும் எதுக்கு வெளிய விட்டுச்சின்னு தெரியலடி. பெரட்டுல நின்ன பொம்பளைங்கள்ல எத்தனையோ பேருக்கு அந்த யோசன வந்திருக்கும். எனக்குப் போகவே மாட்டேங்குது."

"என்னயும்தானேம்மா வெளிய விட்டுச்சி" என்றாள் ஜெசீகா. "நானும்தானே இருக்கேன்."

இருதயம்மா திரும்பி மகளைப் பார்த்தாள். மழையில் நனைந்து, தலையெல்லாம் புல்லும் மண்ணுமாக இருந்தாள் மகள். இருதயம்மா கையை நீட்டி அவள் நெற்றியிலிருந்த சேற்றை முந்தானையால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மலை சரியவில்லை. மழை விட்டதும் அதிகாரிகள் வந்து வெடிப்பை அளந்தார்கள். இரும்புக் கம்பிகளை ஆழமாக இறக்கி, குழாய் வைத்துத் தண்ணீரை வெளியே எடுத்து, சுவர் முழுவதையும் கொங்கிரீட் போட்டு மூடினால்தான் அந்த வீட்டில் குடியிருக்கலாம் என்றார்கள். ஹஸீப் உடனே ஒப்புக்கொண்டார். வேறு என்ன செய்ய?

மூடுவதற்கு முன் செடிகளைப் பிடுங்க வேண்டியிருந்தது. ஜெசீகா போகும்போது, "நானும் வர்றேன்" என்று இருதயம்மா கிளம்பினாள். ஜெசீகா அவளையும் கூட்டிப் போனாள். தலைக்கவசம் போட்ட இரண்டு வேலையாட்கள் மேலே காவல் நிற்க, ஜெசீகா வேரோடு செடிகளைப் பெயர்த்துக் கொடுத்தாள். இருதயம்மா வாசலில் நின்று வாங்கி, தட்டில் அடுக்கினாள். ஒவ்வொன்றின் வேரிலும் ஒட்டியிருந்த சிவப்பு மண்ணை உதறாமல் அப்படியே வைத்தாள். பச்சை போய்ச் சுவர் மறுபடியும் வெறும் மண்ணாக நின்றபோது அவள் திரும்பிக்கொண்டாள்.

இயந்திரம் கொங்கிரீட்டைப் பீச்சி அடிக்க ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில் இருதயம்மா வீதிக்கு இறங்கிப் போய், பஸ் ஹோல்ட்டில் உட்கார்ந்துகொண்டாள். ஜெசீகா தேடிப் போனபோது இருதயம்மா கேட்டாள்:

"அப்ப எயந்திரத்தோட தோண்டினாங்க. பெறகு பூசை வச்சி மூடினாங்க. இப்ப சிமெண்ட் போட்டும் மூடிட்டாங்க. இல்ல?"

"அது வேற எடம்மா" என்றாள் ஜெசீகா.

"தெரியும்டி. எனக்குத் தெரியாதா? வேற எடம்தான்."

வீட்டுக்காரர்கள் திரும்பி வந்த பிறகு ஸகீனா மறுபடியும் ஜெசீகாவைக் கூப்பிட்டாள். சாம்பல் நிறச் சுவர் ஹோலைச் சிறைச்சாலை மாதிரி ஆக்கிவிட்டதாம். ஜெசீகா சுவருக்கு முன்னால் இரும்புத் தட்டுகள் பொருத்தி, தொட்டிகளில் அந்தூரியமும் பழைய பன்னங்களும் வைத்தாள். கீழிருந்து மேலே வெளிச்சம் படும்படி விளக்குப் போட்டாள். நன்றாகத்தான் இருந்தது. ஜுமானா பாராட்டினாள். பிரம்பு நாற்காலியை எங்கே போடுவது என்று ஸகீனா கேட்டபோது ஜெசீகா விளக்குகளைத் திருகிப் பார்க்கக் குனிந்துகொண்டாள்.

சில மாதம் கழித்து ஒருநாள் ஸகீனா பிள்ளைகளோடு பதுளை வீட்டுக்கு வந்தாள். "அம்மாவக் காணவே இல்லையே, கோவமா?" என்று சிரித்தாள். இருதயம்மா பிள்ளைகளுக்கு பிஸ்கட் கொடுத்தாள். சின்னவள் அவள் மடியில் தயங்காமல் ஏறி உட்கார்ந்துகொண்டு, பள்ளிக்கூடத்தில் தன் பல் விழுந்த கதையைச் சொன்னாள். இருதயம்மா அந்தப் பிள்ளையின் பின்தலையில் கையை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போன பிறகு இருதயம்மா கதவைச் சாத்திவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அந்த ஸகீனா பொண்ணுக்கிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டாள்.

"என்னத்த?"

"எனக்கு முன்னமே தெரியும்னு."

"இல்ல. சொல்லமாட்டேன்."

"ம்." இருதயம்மா பிள்ளைகள் சிந்திய பிஸ்கட் தூளை விரலால் ஒற்றி எடுத்தாள். "நல்ல வேளை நீ போய்ப் பாத்த. நீ செஞ்சதுதான் சரி. அதுல எனக்கு வருத்தம் ஒண்ணுமில்ல." தனக்குள் சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னாள்: "காலையில எந்திரிச்சா எங்க போய் உக்கார்றதுன்னுதான் தெரியலடி."

எத்தனையோ வீடுகளில் எது எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவள் ஜெசீகா. அவள் தங்கள் சின்ன ஹோலைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு ஜன்னல், இரண்டு கதிரைகள், மாதா படம், சுத்தமாகக் கூட்டிய சிமெண்டுத் தரை. அம்மா கேட்டதற்கு அங்கே இடம் இல்லை. அவள் எழுந்து போய் அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இருதயம்மா கொஞ்சம் நகர்ந்து கொடுத்தாள்.